தலைக்கனம் பிடித்த பூச்செடிகள்

ஆடி பிறந்து மேல்காத்து இறங்கிவிட்டால், சாத்தூரிலிருந்து திருவில்லிபுத்தூர் வரை எந்தப் பூந்தோட்டத்துக்குப் போனாலும் ஒரே காட்சிதான். செடிக்கு ஒரு கம்பு. சில இடங்களில் செடிக்கு ரெண்டு கம்பு. நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அரளி, செம்பருத்தி, நந்தியாவட்டை, பவளமல்லி, வாசலில் நிற்கும் இட்லிப்பூ, கொல்லையில் முருங்கை என்று எதுவும் தப்பாது. "காத்துல சாஞ்சிருமே சார், கட்டாம விட முடியுமா?" என்று கேட்பார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டுவது தப்பில்லை. ஆனால் பத்துச் செடியில் எட்டுச் செடிக்குக் கம்பு தேவைப்படுகிறது என்றால், காற்றைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. செடியை வாங்கிய விதம், நட்ட விதம், தண்ணீர் விட்ட விதம், வெட்டாமல் விட்ட விதம், இந்த நாலில் எங்கோ கோளாறு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் வருஷா வருஷம் கம்பு ஊன்றிக்கொண்டே இருப்பது, வட்டியை மட்டும் கட்டிக் கடனைப் புதுப்பித்துக்கொண்டே போவது மாதிரி.

வங்கியில் கடன் கோப்புகளைப் பார்த்தே தலை நரைத்தவன் நான். ஜாமீன்தாரர் பலத்தில் மட்டும் கொடுத்த கடன் எப்படி முடியும் என்று எந்த வங்கிக்காரரைக் கேட்டாலும் சொல்வார். வாங்குகிறவருக்குத் திருப்பிக் கட்ட வருமானம் இருக்கா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. ஜாமீன் அப்புறம். செடிக்கு வருமானம் என்பது வேர். கம்பு ஜாமீன்தாரர்.

இதில் கொடியையும் செடியையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கொடிக்குக் கொழுகொம்பு கட்டாயம் வேண்டும், அது அதன் பிறவிக் குணம். முல்லைக் கொடி பற்றிக்கொள்ள ஏதுமில்லாமல் தவித்ததைப் பார்த்து, பாரி தன் தேரையே விட்டுவிட்டு வந்தான் என்ற கதையைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை முன்னாடியே விதைத்து, அது எழுந்து நின்ற பிறகு கொடியை ஏற்றுகிறார்கள். புடலைக்கும் பாகலுக்கும் பந்தல் போடுகிறோம். இதெல்லாம் சரி. ஆனால் அரளியும் செம்பருத்தியும் கொடி கிடையாது. சொந்தக் காலில் நிற்பதற்கென்றே பிறந்த செடிகள் அவை. பாரியே வந்தாலும் அரளிக்குத் தேர் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு கவாத்துக் கத்தரியைக் கொடுத்துவிட்டுப் போனால் போதும்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது புத்தகம் படிக்காமலே புரியும். தீபாவளி ராக்கெட்டைக் காலி பாட்டிலில் சொருகி வைத்தால் என்ன ஆகும்? தலை கனம், அடி லேசு. பாட்டிலோடு சாயும். பற்றவைத்த நேரத்தில் சாய்ந்தால் பக்கத்து வீட்டுத் திண்ணையைப் பார்த்துப் பாயும். அதற்காகப் பாட்டிலைச் சுற்றி யாரும் முட்டுக் கொடுப்பதில்லை, பாட்டிலுக்குள் மண்ணை அள்ளிப் போடுவார்கள். அடி கனத்துவிட்டால் தலை நிற்கும். பூச்சட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அடி அகலம், மேலே போகப் போக ஒடுக்கம். தெருப் புழுதியில் வைத்தாலும் அசையாது. பூச்செடியின் உருவத்தைப் பூச்சட்டி மாதிரி கொண்டுவர வேண்டும் என்று எங்கள் தோட்டத்தில் வேலைக்கு வரும் அம்மாவிடம் சொன்னேன். "அம்புட்டுத்தானே சார், அதத்தான் தெனமும் பாக்கோம்" என்றார். அவர் பட்டாசு ஆலையில் பல வருஷம் வேலை பார்த்தவர்.

காற்று செடிக்கு எதிரி என்ற நினைப்பும் மாற வேண்டும். 1973-இல் மார்க் ஜாஃபி என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் ஒரு சின்ன சோதனையை எழுதினார். செடிகளின் தண்டை தினமும் சில நொடிகள் தேய்த்துவிட்டார், அவ்வளவுதான். தேய்த்த செடிகள் உயரம் குறைந்து, தண்டு தடித்து வளர்ந்தன. காற்று ஆட்டுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆடுகிற தண்டு தடிக்கும், அடியில் வேர் கூடும். 1991-இல் அரிசோனா பாலைவனத்தில் 'பயோஸ்பியர் 2' என்று ஒரு பெரிய கண்ணாடிக் கூடாரம் கட்டி, எட்டுப் பேரை உள்ளே வைத்து ரெண்டு வருஷம் பூட்டினார்கள். உள்ளே மரங்கள் வேகமாக வளர்ந்தன. ஆனால் காற்று இல்லை. கட்டையில் வலு ஏறாமல் மரங்கள் துவண்டு சாய ஆரம்பித்தன. காசு கொட்டிக் கட்டிய கூடாரத்தில் ஒரு வாடைக்காத்துக்கு வழியில்லை.

இதை மனசில் வைத்துக்கொண்டு, அடியிலிருந்து நுனி வரை கம்போடு சேர்த்து இறுகக் கட்டிய செடியைப் பாருங்கள். அதுவும் ஒரு கூடாரத்தில்தான் இருக்கிறது. அசைய விடவில்லை, அதனால் தண்டு தடிக்கவில்லை. தண்டு தடிக்காததால் கம்பை எடுக்க முடியவில்லை. மூணாவது வருஷம் கம்பைக் கரையான் தின்றுவிடும். அன்றைக்கு அடிக்கும் காற்றில் செடியும் கம்பும் சேர்ந்தே படுக்கும்.

நமது மாவட்டத்துக்கு இது ஏன் முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. வேறு ஊர்க்காரர்கள் இதை யோசிக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்குச் சிவகாசி பக்கத்தில் இல்லை.

ஆனி, ஆடி, ஆவணியில் தென்மேற்குக் காற்று. ஆரியங்காவு கணவாய் வழியாக வந்து கயத்தாறு பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே பருவக்காற்றின் வீச்சுதான் இங்கேயும். மழை இல்லாத வறண்ட காற்று. செடியைக் கவனிக்க ஆள் தேவைப்படும் காலம் இது. ஆனால் தீபாவளி ஆர்டர் உச்சத்தில் இருக்கும் காலமும் இதுவேதான். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் பக்கம் பட்டாசு ஆலை பஸ் காலையிலேயே கிராமத்துக்குள் வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போய்விடும். ஆடியில் செடிக்குக் கம்பு கட்ட ஆள் தேடினால் கிடைக்காது, கிடைத்தாலும் ஆலைக் கூலிக்கு ஈடாக நம்மால் கொடுக்க முடியாது. அந்தக் கூலியைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வராது. உயிரைப் பணயம் வைத்துச் சம்பாதிக்கும் காசு அது.

தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கும். அப்போது ஆள் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்ணும் நனைந்திருக்கும். கவாத்துக்கும் நடவுக்கும் அதுதான் பருவம். அதாவது, கட்ட வேண்டிய மாதத்தில் நமக்கு ஆள் இல்லை, வெட்ட வேண்டிய மாதத்தில் ஆள் இருக்கிறது. இந்தப் பகுதியில் விவசாயம் பண்ணுகிறவர் எதை நம்பித் திட்டம் போட வேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது. கார்த்திகையில் ஒழுங்காக வெட்டிய செடிக்கு ஆடியில் கட்டு வேலை அநேகமாக இருக்காது.

இதில் சின்னக் குடும்பங்களின் பாடும் இருக்கிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்குத் தடை போட்டு, பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்று தீர்ப்புச் சொன்ன பிறகு பல மாதம் ஆலைகள் மூடிக் கிடந்தன. வேலை இல்லாத அந்த நாட்களில் பத்து சென்ட், இருபது சென்ட் நிலத்தில் மல்லி, அரளி வைத்துப் பார்த்த வீடுகள் உண்டு. மாட்டுத்தாவணிக்கோ சங்கரன்கோவிலுக்கோ பூ அனுப்பிக் கைச்செலவுக்குக் காசு பார்க்கலாம் என்ற கணக்கு. இருபது சென்ட் வைத்திருப்பவருக்கு ரெண்டு வருஷம் வளர்த்த செடி ஒரு ராத்திரிக் காற்றில் தூரோடு பிடுங்கிக்கொண்டு விழுவது பெரிய அடி. புரட்டாசி பிறந்தால் பூவுக்கு விலை உண்டு. திருவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் மாலை திருப்பதி பிரம்மோற்சவத்துக்குப் போகும் மாதம் அது, அடுத்து ஆயுதபூஜை. ஆடிக் காற்றைத் தாண்டி நின்ற செடிதான் அந்த விலையைப் பார்க்கும்.

சரி, கோளாறு எங்கே ஆரம்பிக்கிறது? என் அனுபவத்தில் பாதிக்கு மேல் நாற்றுப் பண்ணையிலேயே.

நம் ஜனங்கள் செடி வாங்கும்போது உயரத்தைப் பார்க்கிறார்கள். "ஆளுயரச் செடி சார், இந்த வருஷமே பூத்துரும்" என்பார் விற்பவர். வெண்டைக்காய் வாங்கினால்கூட முனையை ஒடித்துப் பார்த்து வாங்குகிறோம். செடிக்கு அடியைப் பார்ப்பதில்லை. அரையடிப் பையில் ரெண்டு வருஷம் நின்ற செடியின் வேர் எங்கே போகும்? பைக்குள்ளேயே வளையல் மாதிரி சுற்றிச் சுற்றி வரும். மண்ணில் வைத்த பிறகும் அந்தச் சுற்றல் நிமிராது. மேலே தழையும் பூவுமாகப் பெருக்கும், கீழே வேர் ஒரு பந்துக்குள்ளேயே கிடக்கும். பக்கத்துக் கிராமத்தில் ஒருவர் வெளியூர்ப் பண்ணை ஒன்றிலிருந்து உயரம் உயரமாக நாற்பது செம்பருத்தி கொண்டுவந்து வைத்தார். அடுத்த ஆடியில் பதினோரு செடி சாய்ந்தது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தோம். மண்ணைத் தட்டினால் வேர் பையின் உருவத்திலேயே, சும்மாடு சுருட்டி வைத்தது போல வந்தது. அதற்கு எத்தனை கம்பு கட்டி என்ன செய்ய?

ஆகவே ஒரு முழம், ஒன்றரை முழத்துக்கு மேல் உயரம் வேண்டாம். அடித்தண்டு தடித்து, அடியிலிருந்தே ரெண்டு மூணு வாது பிரிந்திருந்தால் நல்ல செடி. பையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், தடித்த வேர் ஓட்டை போட்டு வெளியே வந்திருந்தால் அது நாள்பட்ட சரக்கு. கையால் தண்டைப் பிடித்து லேசாக ஆட்டினால் மண்ணோடு சேர்ந்து ஆட வேண்டும், தண்டு மட்டும் தனியாக ஆடக் கூடாது. வேறு வழியில்லாமல் பழைய செடிதான் கிடைத்தது என்றால், நடும்போது சுற்றிக் கிடக்கும் வேரைக் கத்தியால் நாலு பக்கம் மேலிருந்து கீழாகக் கீறிவிட்டு, அடியில் சுருண்டதை வெட்டி எறிந்துவிட்டு நடுங்கள். பார்க்கப் பாவமாக இருக்கும், ஆனால் வெட்டின இடத்திலிருந்து புது வேர் வெளியே பார்த்து ஓடும். மேலேயும் அதே அளவுக்கு வெட்டிவிட வேண்டும்.

இதைவிட நல்லது, அரளிக்கும் செம்பருத்திக்கும் நந்தியாவட்டைக்கும் பைச் செடியே வேண்டாம். மழை தொடங்கியதும் முற்றிய குச்சியை நேரடியாக இடத்திலேயே ஊன்றிவிடலாம். நாலு குச்சி ஊன்றி ரெண்டு பிழைத்தாலும் லாபம். அதன் வேர் யார் பைக்கும் அடங்கி வளரவில்லை. முருங்கைக்கு விதை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பி.கே.எம்.1 செடிமுருங்கையை விதைத்தவர்களுக்குத் தெரியும், இரண்டு மாதத்தில் 75 சென்டிமீட்டர் வந்ததும் நுனியைக் கிள்ளச் சொல்வார்கள். கிள்ளாமல் விட்டால் ஒரே தண்டாக ஓடி, உச்சியில் மட்டும் பூத்து, முதல் காற்றில் முறியும். முருங்கைக் கட்டை எவ்வளவு வலு என்று நமக்குத் தெரியாதா! காய்ப்பு முடிந்ததும் மூன்றடி விட்டு வெட்டுவதும் அதற்குத்தான். ரெண்டே ரெண்டு விரல் வேலை, ஒரு கம்பும் கயிறும் மிச்சம்.

அடுத்து குழி. கரிசல் மண்ணில் குழி வெட்டி, அதற்குள் மணலும் தொழுவுரமும் நிரப்பி நடுவது நல்லது என்று பலரும் நினைக்கிறார்கள். கரிசல் தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதற்கு நடுவில் பொலபொலவென்று ஒரு குழி இருந்தால், மழை பெய்ததும் சுற்றியுள்ள தண்ணீர் அதற்குள் இறங்கிக் குளமாக நிற்கும். வேரும் உள்ளே சத்து இருக்கும்போது வெளியே கடினமான மண்ணுக்குள் போக மாட்டேன் என்று குழிக்குள்ளேயே தங்கிவிடும். பையிலிருந்து எடுத்துப் பெரிய பையில் வைத்த கதைதான். ஐப்பசி மழையில் குழி சேறாகும், அந்த நேரம் அடிக்கும் காற்றில் செடி தூரோடு அசைந்து சாயும். கரிசலில் குழியை ஆழத்தைவிட அகலமாக எடுங்கள். எடுத்த மண்ணையே திருப்பிப் போடுங்கள். தொழுவுரத்தை மேலே போட்டு மூடாக்கு போடுங்கள், புழு உள்ளே கொண்டுபோகும். செவல் மண்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

தண்ணீர் விஷயத்தில் சொட்டுநீரைப் பற்றி ஒரு வார்த்தை. நான் அதற்கு எதிரி இல்லை, வருஷத்துக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிற மாவட்டத்தில் எதிரியாக இருக்கவும் முடியாது. ஆனால் சொட்டுவானைத் தண்டின் அடியிலேயே வைத்து, தினமும் கால் மணி நேரம் விட்டால், வேர் அந்த ஈரத்தைச் சுற்றியே மேலாகக் கிடக்கும். வேருக்கும் வேலை கொடுக்க வேண்டும். செடி வளர வளரச் சொட்டுவானை வெளியே தள்ளிப் போடுங்கள், நாலைந்து நாளைக்கு ஒருமுறை நிறைய விடுங்கள். கீழே ஈரம் இருக்கிறது என்று தெரிந்தால் வேர் தேடிப் போகும்.

நம் வாசகர்களில் சிலருக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். யூரியா போட்டால் செடி தழைத்துத் தலை பெருத்து, தண்டு வலு இல்லாமல் போகும் என்று மேடையில் பேசுகிறோம். உண்மைதான். ஆனால் இயற்கை உரம்தானே என்று வாரா வாரம் பஞ்சகவ்யமும் கடலைப் புண்ணாக்குக் கரைசலும் ஊற்றிக்கொண்டிருந்தாலும் அதேதான் நடக்கும். செடிக்குப் பையில் ஒட்டியிருக்கும் பெயர் தெரியாது. காற்றுக் காலத்துக்கு முன்னால் வைகாசியிலேயே தழைச்சத்து அதிகமுள்ள ஊட்டத்தை நிறுத்திவிடுவது நல்லது. ஆடியில் இளந்தளிர் நிறைந்து நிற்கும் செடிதான் முதலில் ஒடிகிறது.

இனி கவாத்து. இதில்தான் கூச்சம் அதிகம். "பூக்கிற செடியை எப்படி சார் வெட்டுறது?" என்பார்கள். வெட்டினாலும் எப்படி வெட்டுகிறார்கள் என்றால், முடிதிருத்துகிறவர் போல மேல் மட்டத்தை மட்டும் தட்டிவிடுகிறார்கள். தட்டின ஒவ்வொரு நுனியிலும் மூணு நாலு சிம்பு கிளம்பும். அடி வெறுங்குச்சி, உச்சி துடைப்பம். முன்னைவிடத் தலை கனத்துவிடும். மேலே தட்டுவதால் செடி குட்டையாகுமே தவிர உறுதியாகாது. தூரைப் பார்த்து வெட்ட வேண்டும். வயதான, தடித்த வாதுகளில் மூன்றில் ஒன்றைத் தரையை ஒட்டி எடுத்துவிடுங்கள். அடுத்த வருஷம் இன்னொரு பங்கு. மூணு வருஷத்தில் செடி முழுக்கப் புதுசாகிவிடும், ஒரு வருஷமும் பூ நிற்காது. மீதி வாதுகளில் ஒன்றை ஒன்று உரசுவதையும் உள்நோக்கி வளர்வதையும் எடுத்தால் காற்று செடிக்குள் புகுந்து வெளியே போகும். அடைத்து நிற்கும் செடி பாய்மரம் மாதிரி, இடைவெளி உள்ள செடி ஜன்னல் மாதிரி.

குண்டுமல்லிக்குக் கார்த்திகைக் கடைசி, மார்கழியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மொத்தமாக வெட்டுவது நம் மதுரை வட்டாரம் முழுக்கப் பழக்கம்தான். அந்தத் தைரியம் மற்ற செடிகளிடம் ஏனோ வருவதில்லை. அரளி அதைவிட முரட்டுச் செடி, எப்படி வெட்டினாலும் துளிர்க்கும். ஒரு எச்சரிக்கை. அரளியின் இலை, குச்சி, பூ எல்லாமே நஞ்சு. வெட்டிய தழையை ஆடு மாடு நடமாடும் இடத்தில் போடாதீர்கள், காய்ந்த தழையும் ஆபத்துதான். அடுப்பெரிக்கவும் எடுக்க வேண்டாம். பால் கண்ணில் படாமல், முழுக்கைச் சட்டை போட்டு வெட்டுங்கள், வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கம்பு தேவைப்படும் செடிகள் இருக்கும். புதிதாக நட்டது, பழைய உரிமையாளர் விட்டுப்போன கோணல் செடி, மழையில் பூ நனைந்து கனத்துப் போனது. அவற்றுக்குக் கட்டத்தான் வேண்டும். கம்புக்கு நம் பக்கம் பஞ்சமே இல்லை, சீமைக்கருவேலத்தை வெட்டித் தள்ள ஒரு காரணம் கிடைத்ததென்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டையை உரித்துக் காயவைத்தால் கரையான் கொஞ்சம் தாமதமாக வரும். பச்சைக் கிளுவைக் கம்பை ஊன்றினால் அது வேர் பிடித்துச் செடியோடு தண்ணீருக்குச் சண்டை போடும், அதை வேலியோடு வைத்துக்கொள்வது நல்லது.

கம்பைத் தண்டை ஒட்டி ஊன்றாதீர்கள், வேரைக் கிழிக்கும். ஒரு முழம் தள்ளி மேற்குப் பக்கம் ஊன்றினால், மேல்காத்து செடியைக் கம்பிலிருந்து விலக்கித் தள்ளும், உரசாது. ரெண்டு கம்பென்றால் தெற்கிலும் வடக்கிலும் வைத்து, நடுவில் செடி கொஞ்சம் ஆடுகிற மாதிரிக் கட்ட வேண்டும். எந்த உயரத்தில் கட்டுவது என்பதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. தண்டைக் கீழே ரெண்டு விரலால் பிடித்து, பிடியை மெல்ல மேலே நகர்த்துங்கள். எந்த இடத்தில் பிடிக்கும்போது தலை தானாக நிமிர்கிறதோ, அதற்கு நாலு விரல் மேலே கட்டுங்கள். அதற்கு மேலே வேண்டாம். பல தூர்கள் சேர்ந்த அரளி, மல்லிக்குத் தண்டைக் கட்டாமல் சுற்றி நாலு கம்பு ஊன்றி இடுப்பளவில் ஒரு வளையம் போட்டால் போதும். பூ எடுக்கும் கைக்கும் இடைஞ்சல் இருக்காது.

கயிறு முக்கியம். நைலானும், சாக்குத் தைக்கிற பிளாஸ்டிக் இழையும் வேண்டவே வேண்டாம். தண்டு தடிக்கத் தடிக்க அது பட்டைக்குள் புதைந்து, செடியைக் கழுத்து நெரிக்கும். இறுக்கின இடத்தில்தான் பிறகு ஒடியும். பனைநார், நனைத்த வாழைநார், கிழிந்த வேட்டி போதும். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள், அங்கே ஒதுக்கின துணி கிடைத்தால் அதைவிட நல்லது கிடையாது. எட்டுப் போட்டுக் கட்ட வேண்டும், எட்டின் ஒரு வளையத்தில் கம்பு, இன்னொரு வளையத்தில் தண்டு, நடுவில் துணி முறுக்கிக் கிடக்க வேண்டும். இந்த நாரும் துணியும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தாங்காது. அதுதான் நமக்கு வேண்டியதும். நாம் மறந்தாலும் அதுவே அறுந்துவிடும்.

ஆனாலும் மறக்க வேண்டாம். கட்டுகிற அன்றே அவிழ்க்கிற தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். காலண்டருக்கு எங்கள் ஊரில் பஞ்சம் கிடையாது. ஆறு மாதம் நல்ல கெடு. வங்கியில் தவணைத் தேதி போடாமல் எந்தக் கடனும் கொடுத்ததில்லை. அவிழ்த்த பிறகு செடி லேசாகச் சாய்ந்தால் பதற வேண்டாம், பத்து நாள் விட்டுப் பாருங்கள். மறுபடி நிமிரவே இல்லையென்றால், கம்பைத் திரும்ப எடுக்கும் முன் வாதைக் குறையுங்கள்.

தோட்டம் முழுக்கவே காற்று அறைகிற இடமென்றால் செடிக்குச் செடி கட்டுவது கட்டுப்படியாகாத வேலை. மேற்கு, தென்மேற்கு ஓரத்தில் ஒரு வரிசை நொச்சி அல்லது கிளுவை, அதற்குள் ஒரு வரிசை அகத்தி, கொஞ்சம் தள்ளி வேம்பு. சுவர் மாதிரி அடைக்க வேண்டாம். சுவரில் மோதிய காற்று ஏறிக் குதித்து மறுபக்கம் இன்னும் சுழன்றடிக்கும். பாதி காற்று புகுந்து வர வேண்டும். வேலியின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை அதன் பலன் தெரியும். அகத்தித் தழை ஆட்டுக்கு, நொச்சி பூச்சிவிரட்டிக்கு. நாலு சென்ட் நிலம் போகிறதே என்பவர்கள், ரெண்டு ஆடியில் கம்புக்கும் கயிற்றுக்கும் ஆளுக்கும் கொடுத்ததை எழுதிக் கூட்டிப் பார்க்கட்டும்.

இந்த ஆடியிலேயே செடி சாய்ந்து கிடப்பவர்களுக்கு: உடனே இழுத்து நிமிர்த்த வேண்டாம். காய்ந்த மண்ணில் இழுத்தால் மிச்சமிருக்கும் வேரும் அறும். முதலில் தலையில் பாதியை வெட்டிக் கனத்தைக் குறையுங்கள். தூரைச் சுற்றித் தண்ணீர் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, மறுநாள் மெதுவாக நிமிர்த்தி, வெளியே வந்த வேரை மண்ணால் மூடி மிதித்து, மேலே சொன்னபடி கட்டுங்கள். மூடாக்கு கட்டாயம். நிமிர மறுக்கும் செம்பருத்தியையும் அரளியையும் அப்படியே விட்டு, படுத்திருக்கும் தண்டின் மேல் ரெண்டு மூணு இடத்தில் மண்ணை அணைத்துவிடுங்கள். ஐப்பசி மழைக்கு அந்த இடங்களில் வேர் விட்டிருக்கும். கார்த்திகையில் ஆலை லீவில் ஆள் வரும்போது வெட்டிப் பிரித்து, தனித்தனிச் செடியாக வைத்துக்கொள்ளலாம்.